குளோபுலர் கிளஸ்டருக்குள்ள ராத்திரி எப்படி இருக்கும்? நாமளே கணக்கு போட்டு பாக்க ஒரு முழு வழிகாட்டி

குளோபுலர் கிளஸ்டர் (நட்சத்திரங்கள் உருண்டையா நெருக்கிக் கிடக்குற கூட்டம்) பத்தி எங்க படிச்சாலும் ஒரு வரி தவறாம வந்துடும். அதுக்குள்ள ஒரு கிரகம் இருந்தா அங்க இருட்டே கிடையாது, வானம் முழுக்க நட்சத்திரம் அப்பிக் கிடக்கும், நடுராத்திரி பகல் மாதிரி இருக்கும்னு. கேக்க நல்லா இருக்கு, ஆனா பாதி தப்பு. எந்தப் பாதி தப்புங்கறதை யாரையும் நம்ப வேணாம், பிளஸ் டூ லாகரிதம் தெரிஞ்சா போதும், போன்ல இருக்குற சயின்டிஃபிக் கால்குலேட்டர்லயே ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சிடலாம். அந்த கணக்கை ஒவ்வொரு படியா இங்க எழுதறேன். கூடவே நீங்களும் தட்டிக்கிட்டே வாங்க, சும்மா படிச்சா இதுல பாதி சுவாரஸ்யம் போயிடும்.

படி 1: எந்த கிளஸ்டர்னு முடிவு பண்ணுங்க

நம்ம பால்வெளியில 150க்கு மேல குளோபுலர் கிளஸ்டர் தெரிஞ்சிருக்கு. எல்லாமே கிழடு, 1000 கோடி வருஷத்துக்கும் மேல வயசு, சில ஆயிரத்துல ஆரம்பிச்சு பல லட்சம் நட்சத்திரம் வரைக்கும் ஒரே ஈர்ப்பு விசையில உருண்டையா கட்டுண்டு கிடக்குற கூட்டம். ஆனா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது, "குளோபுலர் கிளஸ்டருக்குள்ள வானம் இப்படி இருக்கும்"னு பொத்தாம் பொதுவா சொல்றவங்க தடுக்கி விழறது இங்கதான்.

நான் ரெண்டை எடுத்துக்கறேன். ஒண்ணு 47 டுக்கானே, வானத்தோட தென் துருவத்துக்கு பக்கத்துல, சின்ன மெஜல்லானிக் மேகம்ங்கற குட்டி கேலக்ஸியை ஒட்டித் தெரியும், நடுப்பகுதி பயங்கர நெரிசல். இன்னொண்ணு ஒமேகா சென்டாரி, பால்வெளியிலேயே பெரிய கிளஸ்டர், சுமார் ஒரு கோடி நட்சத்திரம், ஆனா நடுப்பகுதி அகலமா கொஞ்சம் தளர்வா இருக்கும். பெருசா இருக்குறது வேற, நெருக்கமா இருக்குறது வேற, அதை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் புரியும்.

படி 2: நாலு எண்ணை எடுத்து வெச்சுக்கோங்க

கனடாவுல மெக்மாஸ்டர் யூனிவர்சிட்டியோட வில்லியம் ஹாரிஸ் 1996ல ஒரு பட்டியல் வெளியிட்டார், 2010ல அதை புதுப்பிச்சார், அதுல 157 கிளஸ்டர் இருக்கு, நெட்ல இலவசமா கிடைக்கும். வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், பாக்க பயமா இருக்கும், ஆனா நமக்கு வேண்டியது நாலே காலம்: தூரம், மையத்தோட ஆரம் (அதாவது கோர் ரேடியஸ், வானத்துல நமக்கு தெரியற கோணமா ஆர்க்மினிட்ல, அதாவது டிகிரியில அறுபதுல ஒரு பங்குல, குடுத்திருப்பாங்க), நடு மையத்துல ஒளி அடர்த்தி, அப்புறம் மொத்த கிளஸ்டரோட அப்சொல்யூட் மேக்னிட்யூட் (10 பார்செக் தள்ளி நின்னா தெரியற பிரகாசத்தோட எண், எண் குறையக் குறைய பிரகாசம் கூடும்; ஒரு பார்செக்ங்கறது 3.26 ஒளியாண்டு).

47 டுக்கானேக்கு (அதுல என்ஜிசி 104னு தேடணும்) தூரம் 4.5 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் ஆயிரம் பார்செக்), கோர் 0.36 ஆர்க்மினிட், ஒளி அடர்த்தி 4.88, அப்சொல்யூட் மேக்னிட்யூட் -9.42. ஒமேகா சென்டாரிக்கு (என்ஜிசி 5139) 5.2 கிலோபார்செக், 2.37 ஆர்க்மினிட், 3.15, -10.26.

ஒளி அடர்த்தி மட்டும் லாக்ல இருக்கும், அதை கவனிங்க. 4.88னா 10ஐ 4.88 அடுக்குக்கு ஏத்தணும், வர்றது 76,000. அதாவது ஒரு பார்செக் நீளம் அகலம் உயரம் உள்ள பெட்டிக்குள்ள 76,000 சூரியனோட வெளிச்சம். ஒமேகா சென்டாரிக்கு அதே மாதிரி போட்டா வெறும் 1,400. பேர் பெத்த பெரிய கிளஸ்டர், ஆனா நடுவுல 47 டுக்கானேவை விட ஐம்பது மடங்குக்கு மேல தளர்வு.

படி 3: கோணத்தை பார்செக் ஆக்குங்க

தூரத்தை பார்செக்ல வெச்சு ஆர்க்மினிட்டால பெருக்கி 3,438ஆல வகுத்தா வேலை முடிஞ்சது. 47 டுக்கானே: 4,500 × 0.36 ÷ 3,438 = 0.47 பார்செக், ஒன்றரை ஒளியாண்டு. ஒமேகா சென்டாரி: 5,200 × 2.37 ÷ 3,438 = 3.6 பார்செக், கிட்டத்தட்ட 12 ஒளியாண்டு.

ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிங்க. நம்ம சூரியன்ல இருந்து ஒன்றரை ஒளியாண்டு ஆரத்துக்கு ஒரு உருண்டை வரைஞ்சா அதுக்குள்ள சூரியனைத் தவிர ஒரு நட்சத்திரம் கூட கிடையாது. 47 டுக்கானேல அதே உருண்டைக்குள்ள பல்லாயிரம்.

படி 4: ஒளியில இருந்து நட்சத்திர எண்ணிக்கைக்கு வாங்க

இங்க கொஞ்சம் நிதானம் வேணும், ஏன்னா வெளிச்சத்துல பாதிக்கு மேல குடுக்கறது கைவிட்டு எண்ணக்கூடிய சிவப்பு ராட்சத நட்சத்திரங்கள், எண்ணிக்கையில நிரம்பி வழியறது மங்கலான குட்டி நட்சத்திரங்கள். அதனால ஒளியை முதல்ல எடையா மாத்தி, எடையை சராசரி நட்சத்திர எடையால வகுக்கணும்.

ஒமேகா சென்டாரிக்கு ஒரு சூரிய வெளிச்சத்துக்கு ரெண்டரை சூரிய எடைனு வெச்சா 1,400 × 2.5 = 3,500 சூரிய எடை. சராசரி நட்சத்திரம் அரை சூரிய எடைனா ஒரு கன பார்செக்குக்கு 7,000 நட்சத்திரம். 47 டுக்கானேக்கு இதே மாதிரி போட்டா ஒரு லட்சத்துல இருந்து மூணு லட்சம் வரைக்கும், நீங்க எடுத்துக்கற விகிதத்தைப் பொறுத்து வரும். மையத்துல கனமான நட்சத்திரங்கள் இறங்கி உக்காந்திருக்கும், லேசானது ஓரத்துக்கு தள்ளப்பட்டிருக்கும், அதனால நான் குறைச்சலான ஒரு லட்சத்தையே எடுத்துக்கறேன். இதுல மூணு மடங்கு தப்பு நடந்தாலும் பெரிய சேதம் இல்ல, ஏன்னு அடுத்த படியில தெரியும்.

நம்ம ஊர் கணக்கு? சூரியனைச் சுத்தி ஒரு கன பார்செக்குக்கு 0.1 நட்சத்திரம்தான். அப்போ ஒமேகா சென்டாரி 70,000 மடங்கு நெரிசல், 47 டுக்கானே பத்து லட்சம் மடங்கு.

ஒரு எச்சரிக்கை. சில பேர் மொத்த நட்சத்திரத்தை மொத்த கன அளவால வகுத்து அடர்த்தி சொல்லுவாங்க. 47 டுக்கானே சுமார் 120 ஒளியாண்டு குறுக்களவு, பத்து லட்சம் நட்சத்திரம்னு வெச்சு வகுத்தா கன பார்செக்குக்கு கிட்டத்தட்ட 40தான் வரும். மையத்துல ஒரு லட்சம், சராசரி 40! சித்திரைத் திருவிழா அன்னைக்கு அழகர் இறங்கற இடத்துல நிக்கறவங்களுக்கு மதுரை மாவட்டத்தோட மக்கள் அடர்த்தியைச் சொன்னா எப்படியோ அப்படித்தான் இந்த சராசரி. எந்த இடத்துல நின்னு பாக்கறோம்னு சொல்லாம குடுக்கற எண் எதுக்கும் உதவாது.

படி 5: பக்கத்து வீட்டு நட்சத்திரம் எவ்ளோ தூரம்

அடர்த்திக்கு கனமூலம் எடுங்க, 0.554ஐ அதால வகுங்க, முடிஞ்சது. இந்த 0.554 எங்க இருந்து வந்ததுனா, நட்சத்திரங்கள் ஒரு ஒழுங்கும் இல்லாம சிதறிக் கிடந்தா மிக நெருங்கின அண்டை சராசரியா எவ்ளோ தள்ளி இருக்கும்னு 1909ல பால் ஹெர்ட்ஸ் கணக்கு போட்டார், நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் 1943ல எழுதின பெரிய கட்டுரையில அதை திரும்ப எடுத்து நிரூபிச்சு வானியல் மாணவர்கள் எல்லார் கையிலயும் கொண்டு சேர்த்தார். திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூல், பிறகு பிரசிடென்சி காலேஜ்னு படிச்ச சென்னைப் பையன் போட்ட பாதைங்கறது எனக்கு ஒவ்வொரு தடவை இந்த எண்ணைத் தட்டும்போதும் சந்தோஷமா இருக்கும்.

முதல்ல சூரியனுக்கு சோதிச்சுப் பாருங்க. 0.1க்கு கனமூலம் 0.464, 0.554ஐ அதால வகுத்தா 1.19 பார்செக், அதாவது 3.9 ஒளியாண்டு. நிஜத்துல நமக்கு மிக நெருங்கின நட்சத்திரமான ப்ராக்ஸிமா 4.24ல இருக்கு. சூத்திரம் வேலை செய்யுது.

ஒமேகா சென்டாரி: 7,000க்கு கனமூலம் 19.1, விடை 0.029 பார்செக். 0.095 ஒளியாண்டு, இல்லைனா சுமார் 6,000 ஏயூ (ஒரு ஏயூங்கறது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்).

47 டுக்கானே: ஒரு லட்சத்துக்கு கனமூலம் 46.4, விடை 0.0119 பார்செக். ஏயூவுல சுமார் 2,450. வெளிச்சம் ரெண்டு வாரத்துல போய்ச் சேர்ந்துடும்.

அடர்த்தி மூணு மடங்கு கூடுதல்னாலும் கனமூலம் எடுக்கறதால தூரம் 2,450ல இருந்து 1,700தான் ஆகும், அதனாலதான் போன படியில அவ்ளோ கவலைப்பட வேணாம்னு சொன்னேன்.

இந்த 2,450 ஏயூ சின்னதுனு நினைச்சிடாதீங்க. நெப்டியூன் 30 ஏயூவுல இருக்கு, அதை விட 80 மடங்கு தள்ளி. வாயேஜர் 1 வேகத்துல, அதாவது வினாடிக்கு 17 கிலோமீட்டர்ல போனா கிட்டத்தட்ட 700 வருஷம் ஆகும். ஆனா அதே வாயேஜர் வேகத்துல ப்ராக்ஸிமா தூரத்தைக் கடக்க 75,000 வருஷம். 700 வருஷம்ங்கறது ராஜராஜனுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியை விட கம்மி, அங்க ஒரு நாகரிகம் இருந்தா நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போறது அதோட வரலாற்றுக்குள்ளயே அடங்குற விஷயம். கிளஸ்டர் வானத்தை விட எனக்கு இதுதான் பெரிய மலைப்பு.

படி 6: அந்த அண்டை எவ்ளோ பிரகாசமா தெரியும்

ஒரு சூரியனை 1 பார்செக் தள்ளி வெச்சா அதோட மேக்னிட்யூட் -0.17. இதை மனசுல வெச்சுக்கோங்க, இனிமே எல்லா இடத்துலயும் வரும். வேற தூரத்துக்கு மாத்த, தூரத்தோட லாக்கை 5ஆல பெருக்கி கூட்டணும். 0.0119க்கு லாக் -1.924, 5ஆல பெருக்கினா -9.62, கூட்டினா -9.8.

பௌர்ணமி நிலா -12.7, வெள்ளி உச்சத்துல கிட்டத்தட்ட -4.6. அப்போ நம்ம சூரியன் மாதிரி ஒரு அண்டை நட்சத்திரம் வெள்ளியை விட நூறு மடங்குக்கு மேல பிரகாசம், பௌர்ணமியில பதினாலுல ஒரு பங்கு. நிழல் தெளிவா விழும். ஆனா அது ஒரு புள்ளிதான், வட்டமா தெரியாது. சூரியனோட கோண அளவு இங்க பூமியில இருந்து பாத்தா 1,920 ஆர்க்செகண்ட் (60 ஆர்க்செகண்ட் சேர்ந்தா ஒரு ஆர்க்மினிட்), அதை 2,450ஆல வகுத்தா ஒரு ஆர்க்செகண்ட் கூட வராது, நம்ம கண்ணுக்கு 60 ஆர்க்செகண்டுக்கு கீழ எதுவும் புள்ளிதான். படத்துல எல்லாம் ராத்திரி வானத்துல ஆரஞ்சுப்பழம் சைஸுக்கு உருண்டைகள் வரைஞ்சு வெப்பாங்க, அது கற்பனை. சூரியனை விட 100 மடங்கு அகலமான சிவப்பு ராட்சதன் 0.1 பார்செக்ல இருந்தா கூட 9 ஆர்க்செகண்ட்தான், அதுவும் வெறும் கண்ணுக்கு புள்ளி.

அந்த அண்டை சூரியன் மாதிரியே இருக்கணும்னும் இல்ல. சராசரிக்கும் குட்டியான செங்குள்ளன்னா அதே தூரத்துல -3.6 தான், வெள்ளியை விட கொஞ்சம் மங்கல். எது பக்கத்துல இருக்குங்கறது அதிர்ஷ்டம்.

படி 7: மொத்த வானமும் சேர்ந்து எவ்ளோ வெளிச்சம்

எல்லாரும் தப்பா சொல்ற இடம் இதுதான், அதனால நிறுத்தி நிதானமா போவோம்.

நீங்க சரியா மையத்துல நிக்கறீங்க. உங்களைச் சுத்தி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா ஓடுகள்னு வெச்சுக்கலாம், ஓடு தூரம் போகப்போக ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சம் தூரத்தோட வர்க்கத்துல குறையும், ஆனா ஓட்டோட பரப்பு அதே வர்க்கத்துல கூடும், நட்சத்திர எண்ணிக்கையும் கூடும். ரெண்டும் அடிபட்டுப் போயிடும். அதனால ஒவ்வொரு ஓடும், அடர்த்தி மாறாத வரைக்கும், சமமான வெளிச்சம் குடுக்கும். மொத்தம்ங்கறது அடர்த்தியை தூரத்தால பெருக்கினா வர்றது. நிஜ கிளஸ்டர்ல வெளிய போகப்போக அடர்த்தி குறையுது, அது குறையற விதத்துக்கு வழக்கமா பயன்படுத்தற வளைவைப் போட்டு முழுசா கூட்டினா விடை ரொம்ப அழகா ஒரே பெருக்கல்ல வந்து நிக்கும்: மைய ஒளி அடர்த்தி × கோர் ஆரம். அதை 4 பை, அதாவது 12.57ஆல பெருக்கினா, "1 பார்செக் தள்ளி இத்தனை சூரியன்"னு அர்த்தம்.

47 டுக்கானே: 76,000 × 0.47 × 12.57 = சுமார் 4,49,000. லாக் 5.65, 2.5ஆல பெருக்கினா 14.13. -0.17ல இருந்து கழிச்சா -14.3.

ஒமேகா சென்டாரி: 1,400 × 3.6 × 12.57 = சுமார் 63,000. லாக் 4.80, அதை 2.5ஆல பெருக்கினா 12. விடை -12.2.

இப்போ பௌர்ணமியோட -12.7ஐ பக்கத்துல வெச்சுப் பாருங்க. 47 டுக்கானே மையத்துல மொத்த வானமும், தலைக்கு மேல காலுக்கு கீழனு நாலா பக்கமும் சேர்ந்து, நாலரை பௌர்ணமி நிலா. ஒமேகா சென்டாரியில ஒரு முழு பௌர்ணமி கூட தேறாது, 0.6 தான்.

அதுலயும் பாதி வானம் தரைக்கு கீழ போயிடும். மிச்சம் இருக்குறதுல அடிவானத்துல இருக்குற நட்சத்திரங்களோட வெளிச்சம் தரையில சாய்வா விழும், அதனால அதுலயும் பாதிதான் கணக்குல வரும். அதாவது நாலுல ஒரு பங்கு. 47 டுக்கானேல தரையில விழற வெளிச்சம், நடு உச்சியில நிக்கற ஒரே ஒரு பௌர்ணமி நிலா குடுக்கற வெளிச்சத்துக்கு சமம். அவ்ளோதான்!

நம்ம கேலக்ஸியோட நெரிசல் மிகுந்த கிளஸ்டர்கள்ல ஒண்ணோட நட்ட நடு மையத்துல நின்னாலும் ராத்திரி பௌர்ணமி அளவுக்குத்தான் வெளிச்சம். சூரியனோட -26.7ஐ வெச்சுப் பாத்தா பகல் வெளிச்சம் இதை விட கிட்டத்தட்ட நாலு லட்சம் மடங்கு. பேப்பர்ல தலைப்பு எழுத்து படிக்கலாம், பொடி எழுத்து கஷ்டம். "இருட்டே கிடையாது"ங்கறது அமாவாசை மாதிரி கும்மிருட்டு கிடையாதுங்கற அளவுல மட்டும் உண்மை.

படி 8: சரி, வானம் கருப்பா இருக்குமா வெள்ளையா இருக்குமா

மேக்னிட்யூட் 6 வரைக்கும் நம்ம கண்ணுக்குத் தெரியும்னு வெச்சா, சூரியன் மாதிரி நட்சத்திரம் 17 பார்செக் வரைக்கும் தெரியும், அப்படிப் பாத்தா அந்த வகை நட்சத்திரம் கிளஸ்டர்ல இருக்குறது கிட்டத்தட்ட எல்லாமே தெரியும். அப்சொல்யூட் மேக்னிட்யூட் 8 உள்ள மங்கலானது 4 பார்செக் வரைக்கும், 12 உள்ள செங்குள்ளன் 0.6 பார்செக் வரைக்கும். எல்லாத்தையும் கூட்டினா 47 டுக்கானே மையத்துல ஒரு லட்சம் அளவுக்கு வெறும் கண்ணுக்கு எட்டும். பூமியில அதே மேக்னிட்யூட் 6 வரைக்கும் மொத்த வானத்துக்கும் சுமார் 5,000.

ஒரு லட்சம்னதும் இடைவெளியே இல்லாம வெள்ளையா இருக்கும்னு தோணும். வகுத்துப் பாருங்க. முழு வானம் 41,253 சதுர டிகிரி, ஒரு சதுர டிகிரிக்கு 2.4 நட்சத்திரம். நிலா வட்டத்தோட பரப்பு 0.2 சதுர டிகிரி. அப்போ ரெண்டு நிலா வட்டத்துக்கு ஒரு நட்சத்திரம்தான்! நடுவுல நல்ல இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியில கண்ணுக்கு தனியா பிரியாத குட்டி நட்சத்திரங்களோட வெளிச்சம் ஒரு சன்னமான மங்கல் பூச்சா இருக்கும், நல்ல கிராமத்து வானம் மாதிரி கரேல்னு இருக்காது, நிலா வெளிச்ச வானம் மாதிரி சாம்பலா இருக்கும், அதுல மங்கலான நட்சத்திரங்கள் கொஞ்சம் அடிபட்டும் போகும். ஆனா பிரகாசமானதுங்க நிக்கும், ஆயிரக்கணக்குல நம்ம சிரியஸையும் வெள்ளியையும் தோக்கடிக்கற புள்ளிகள்.

இதனால அங்க இருக்குற வானியலாளருக்கு ஒரு சங்கடம், ஆண்ட்ரோமெடா கேலக்ஸி மாதிரி மங்கலான விஷயங்கள் வெறும் கண்ணுக்கு சுத்தமா தெரியாது. டெலஸ்கோப் கண்டுபிடிச்ச பிறகு நட்சத்திரங்கள் தனித்தனி புள்ளியா பிரிஞ்சு நடுவுல இருட்டு கிடைக்கும், அதுக்கு அப்புறம்தான் தங்களோட கொத்துக்கு வெளிய ஒரு பிரபஞ்சம் இருக்குன்னே உறைக்கும்.

படி 9: நிறம்

சுருக்கமா முடிச்சுடலாம். கிளஸ்டர் கிழடு, கனமான நீல நட்சத்திரங்கள் எல்லாம் எப்பவோ வெடிச்சு முடிஞ்சாச்சு. கண்ணைப் பறிக்கற பிரகாசமானது எல்லாம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ராட்சதர்கள். அங்கங்க ப்ளூ ஸ்ட்ராக்லர்னு சொல்ற நீல நட்சத்திரங்கள் இருக்கும், ரெண்டு நட்சத்திரம் சேர்ந்து ஒண்ணானதாலயோ ஒண்ணு இன்னொண்ணோட பொருளை உறிஞ்சினதாலயோ இளமை திரும்பினது, ஆலன் சாண்டேஜ் 1953ல எம்3 கிளஸ்டர்ல முதல்ல பாத்தார். ஒமேகா சென்டாரியில இருக்குற சூடான நட்சத்திரங்களை நம்ம இந்திய செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்ல இருக்குற யூவிஐடிங்கற புற ஊதா டெலஸ்கோப்பும் படம் பிடிச்சிருக்கு.

படி 10: வானம் நகர்றதையும் கணக்குல சேருங்க

யாரும் சொல்லாத விஷயம் இது. 47 டுக்கானே மையத்துல ஒரு நட்சத்திரத்துக்கு இன்னொண்ணு ஒப்பிட்டா வினாடிக்கு 15 கிலோமீட்டர் அளவுல நகருதுனு வெச்சுக்கலாம், அது வருஷத்துக்கு 3 ஏயூ சொச்சம். 2,450 ஏயூ தள்ளி இருக்குற அண்டை குறுக்கால போனா வருஷத்துக்கு சுமார் 4.4 ஆர்க்மினிட் இடம் மாறும். ஏழு வருஷத்துல ஒரு நிலா அகலம். நம்ம வானத்துல மிக வேகமா நகர்ற பர்னார்ட் நட்சத்திரத்துக்கு அதே தூரத்துக்கு 180 வருஷம் ஆகும்.

சில நூறு வருஷத்துல மிக நெருங்கின நட்சத்திரம்ங்கற பட்டமே வேற ஒண்ணுக்குப் போயிடும். அஸ்வினியில ஆரம்பிச்சு ரேவதி வரைக்கும் 27 நட்சத்திரம், அதே இடத்துல, ஆயிரக்கணக்கான வருஷமா நமக்கு இருக்கு. அங்க பிரகாசமான நட்சத்திரங்களை வெச்சு பஞ்சாங்கம் போட்டா பேரன் காலத்துக்குள்ள திருத்தணும். கிரகமும் நட்சத்திரமும் வேற வேறன்னு பிரிச்சுப் பாக்கறதே அவங்களுக்கு கஷ்டமா இருந்திருக்கும், ஏன்னா ரெண்டும் நகருது, ரெண்டும் பிரகாசம்.

படி 11: மையத்தை விட்டு வெளிய வாங்க

இதுக்கு கணக்கே வேணாம், பட்டியல்லயே விடை இருக்கு. அப்சொல்யூட் மேக்னிட்யூட்ங்கறதோட அர்த்தமே 10 பார்செக் தள்ளி நின்னா எவ்ளோ பிரகாசம்ங்கறதுதான். 47 டுக்கானேக்கு -9.4. அப்போ மையத்துல இருந்து 10 பார்செக் வெளிய இருக்குற ஒரு கிரகத்துக்கு மொத்த கிளஸ்டரும் பௌர்ணமியில இருபதுல ஒரு பங்குதான், ஆனா அது வானத்துல சுமார் 45 டிகிரி அகலத்துக்கு விரிஞ்சு கிடக்கும், நடுவுல 5 டிகிரிக்கு கெட்டியான பிரகாசம். வானத்தோட ஒரு பாதி அது, மறுபாதி நல்ல இருட்டு. அந்த இருட்டுப் பக்கத்துல பால்வெளி தெரியும். 47 டுக்கானே கேலக்ஸி தட்டுக்கு சுமார் 10,000 ஒளியாண்டு கீழ இருக்கு, அதனால நமக்கு மாதிரி உள்ள இருந்து பாக்கற ஒல்லிப் பட்டையா இல்லாம, கீழ இருந்து பாக்கற விரிஞ்ச தட்டா தெரியும்.

எங்க வீடு வேணும்னு கேட்டா நான் மையத்தைக் கேக்க மாட்டேன், இந்த இடத்தைத்தான் கேப்பேன்.

படி 12: அங்க கிரகம் இருக்குமா முதல்ல

1999ல ஹப்பிளை 47 டுக்கானே பக்கம் திருப்பி 8.3 நாள் விடாம 34,000 நட்சத்திரங்களைப் பாத்தாங்க, ரொனால்ட் கில்லிலாண்ட் தலைமையில. சூரியன் பக்கத்துல இருக்குற விகிதப்படி 17 சூடான வியாழன்கள் (நட்சத்திரத்தை ஒட்டியே சுத்தற வியாழன் சைஸ் கிரகங்கள்) சிக்கணும்னு எதிர்பாத்தாங்க, ஒண்ணு கூட சிக்கல. பின்னாடி கெப்ளர் விண்வெளி டெலஸ்கோப் டேட்டாவை வெச்சு திரும்ப கணக்கு போட்டப்ப அந்த எதிர்பார்ப்பே ரெண்டு மூணுனு குறைஞ்சுது, அதனால "கிரகமே இல்ல"னு அந்த ஆய்வை வெச்சு அடிச்சு சொல்ல முடியாது.

மறுபக்கம் எம்4 கிளஸ்டர்ல ஒரு பல்சரும் (வேகமா சுழலற நியூட்ரான் நட்சத்திரம்) ஒரு வெண்குள்ளனும் (எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட மிச்சம்) ஜோடியா இருக்கு, அதைச் சுத்தி ரெண்டரை வியாழன் எடையில ஒரு கிரகம் இருக்குனு 2003ல ஹப்பிள் உறுதிப்படுத்துச்சு. ஆக, இருக்கத்தான் செய்யுது.

நிலைச்சு நிக்குமாங்கறதுதான் சண்டை. 2018ல ஸ்டீபன் கேனும் சாரா டெவெனியும் ஒமேகா சென்டாரி மையத்துக்கு கணக்கு போட்டு, பத்து லட்சம் வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது நட்சத்திரம் கிட்ட வந்து கிரகப் பாதையை கலைச்சிடும்னு சொன்னாங்க, உயிர் உருவாக அது பத்தாது. 2016ல ரோஸான் டி ஸ்டெஃபானோவும் மும்பை டிஐஎஃப்ஆர்ல இருந்த அலக் ரேயும் வேற மாதிரி சொன்னாங்க: மையத்தை விட்டுத் தள்ளி இருக்குற குட்டி நட்சத்திரத்துக்கு வெதுவெதுப்பான பாதை ரொம்ப நெருக்கத்துலயே இருக்கும், அதை பக்கத்து நட்சத்திரம் அவ்ளோ சுலபமா கலைக்க முடியாதுன்னு. படி 11ல சொன்ன இடம் மாதிரி ஓரப்பகுதிக்கு இவங்க வாதம் எனக்கு சரியாப் படுது, நட்ட நடு மையத்துக்கு கேன் சொல்றதுதான் சரி. இன்னொரு பிரச்சினை மூலப்பொருள். 47 டுக்கானேல இரும்பு சூரியன்ல இருக்குறதுல ஐஞ்சுல ஒரு பங்கு, ஒமேகா சென்டாரியில பெரும்பாலான நட்சத்திரங்கள்ல அதை விட ரொம்பக் கம்மி. பாறைக் கிரகம் செய்ய சரக்கு வேணுமே.

போதாக்குறைக்கு 2024ல ஒமேகா சென்டாரி மையத்துல ஏழு நட்சத்திரங்கள் கன்னாபின்னா வேகத்துல ஓடறதை ஹப்பிள் படங்கள்ல கண்டுபிடிச்சாங்க, அதைக் கட்டிப் பிடிச்சு வெக்க குறைஞ்சது 8,200 சூரிய எடையில ஒரு கருந்துளை நடுவுல இருக்கணும்.

படி 13: நேர்ல பாருங்க

ஒமேகா சென்டாரி நம்ம ஊர்ல இருந்து நல்லாவே தெரியும், ஐரோப்பாவுல பெரும்பாலானவங்களுக்கு இந்த பாக்கியம் கிடையாது. கன்னியாகுமரியில தெற்கு அடிவானத்துல இருந்து 34 டிகிரி, யாழ்ப்பாணத்துல 33, சென்னையிலயும் காவலூர் ஆய்வகம் இருக்குற ஜவ்வாது மலையிலயும் 30 டிகிரி உயரம் வரைக்கும் ஏறும். மே நடுவுல ராத்திரி பத்து மணி வாக்குல, ஜூன் ஆரம்பத்துல ஒன்பது மணிக்கு உச்சத்துல இருக்கும்.

கண்டுபிடிக்க சித்திரை நட்சத்திரத்தைப் பிடிங்க. அது நேர் தெற்குல வரும்போது ஒமேகா சென்டாரி கிட்டத்தட்ட நேர் கீழ, 36 டிகிரி இறக்கத்துல இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினா 10 டிகிரி, அப்போ மூன்றரை முஷ்டி கீழ இறங்குங்க. நிலா இல்லாத நாளா, தெற்குப் பக்கம் ஊர் வெளிச்சம் இல்லாத இடமா பாருங்க. மேக்னிட்யூட் 3.7ங்கறதால இருட்டான இடத்துல வெறும் கண்ணுக்கே கொஞ்சம் கலங்கின நட்சத்திரமா தெரியும், 1603ல பேயர் இதை நட்சத்திரம்னு நினைச்சுத்தான் ஒமேகான்னு எழுத்து குடுத்தார், 1677ல செயின்ட் ஹெலெனா தீவுல இருந்து பாத்த ஹாலிதான் இது சாதாரண நட்சத்திரம் இல்லன்னு குறிச்சு வெச்சார்.

10×50 பைனாகுலர்ல பஞ்சு உருண்டையா தெரியும். 8 அங்குல டெலஸ்கோப் கிடைச்சா ஓரத்துல இருந்து தனித்தனி புள்ளியா பிரிய ஆரம்பிக்கும், பிரியறது எல்லாமே சிவப்பு ராட்சதர்கள்தான், சூரியன் மாதிரி இருக்குறது ஒண்ணு கூட அதுல சிக்காது. 47 டுக்கானேயை சென்னையில இருந்து தேடி நேரத்தை வீணாக்காதீங்க, அது 5 டிகிரிக்கு மேல ஏறவே ஏறாது, கன்னியாகுமரியில 10 டிகிரி வரும், கடல் அடிவானம் சுத்தமா இருந்தா நவம்பர் ராத்திரியில முயற்சி பண்ணலாம். அடுத்து கேட்டை நட்சத்திரத்துக்கு மேற்கே ஒரு டிகிரி சொச்சம் தள்ளி எம்4 இருக்கு, கிரகம் இருக்குனு சொன்னேனே அது. அதுக்கு ஹாரிஸ் பட்டியல்ல தூரம் 2.2 கிலோபார்செக், கோர் 1.16 ஆர்க்மினிட், ஒளி அடர்த்தி 3.64. படி 2ல இருந்து 7 வரைக்கும் நீங்களே போட்டுப் பாருங்க, மொத்த வானம் -11.7 பக்கம் வந்தா கணக்கு சரி.